போல்ட் இணைப்புள்ள இழுவிசை உறுப்பை டிசைன் செய்வது எப்படி: முனையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம் "200 கிலோநியூட்டன் இழுவிசைக்கு ஒரு ஆங்கிள் பாருங்கள்" என்று சொன்னால் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும். (ஆங்கிள் என்பது எல் வடிவ எஃகு, அதன் இரண்டு பக்கங்களைக் கால் என்போம்.) 200,000 நியூட்டனை எஃகின் ஈல்டு வலுவான 275-ஆல் (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில்) வகுத்தால் 727 சதுர மில்லிமீட்டர் வேண்டும், 75×75×6 ஆங்கிளுக்கு 873 இருக்கிறது, போதும் சார் என்பார். உறுப்பின் நடுப்பகுதிக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதே ஆங்கிளின் ஒரு காலில் மூன்று போல்ட் போட்டு கஸெட் பிளேட்டில் (உறுப்பைத் தூணோடு சேர்க்கும் இணைப்புத் தட்டில்) மாட்டினால் அது தாங்குவது சுமார் 126 கிலோநியூட்டன் மட்டும். ஆங்கிள் மாறும், அது மாறினால் போல்ட் இடைவெளி மாறும், அப்புறம் கஸெட், அப்புறம் டிராயிங் என்று ஒரு நாள் போய்விடும்.

அதனால் நான் வரிசையை மாற்றிச் சொல்லிக் கொடுக்கிறேன்: முதலில் போல்ட், அடுத்து துளை இடைவெளி, அதன் பிறகுதான் ஆங்கிளின் அளவு. கீழே உள்ளதெல்லாம் சிங்கப்பூரில் நாம் பயன்படுத்தும் யூரோகோடுபடி (ஐரோப்பியக் கட்டமைப்பு விதிகள்), அதாவது உறுப்புக்கு எஸ்எஸ் இஎன் 1993-1-1, இணைப்புக்கு எஸ்எஸ் இஎன் 1993-1-8. உதாரணம் முழுவதும் ஒன்றுதான்: கிடங்குக் கூரையில் ஒரு மூலைவிட்ட உறுப்பு, ஒற்றை ஆங்கிள், டிசைன் விசை 200 கிலோநியூட்டன், எஃகு எஸ்275.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

காரணிகள் சேர்த்த டிசைன் விசை, எல்லாச் சுமைச் சேர்க்கைகளுக்கும். எஃகின் கிரேடும் அது எந்த நாட்டுத் தரப்படி வருகிறது என்பதும். யார்டில் எந்த ஆங்கிள், எந்த போல்ட் ஸ்டாக்கில் இருக்கிறது. அப்புறம் இணைப்பு வரும் இடத்தின் ஒரு கைப்படம், அளவுக்கு வரைந்தது.

கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கஸெட்டுக்கு அங்கே எவ்வளவு இடம் இருக்கிறது, பக்கத்தில் ஸ்பிரிங்ளர் பைப் ஓடுகிறதா, தூணின் ஃபிளாஞ்ச் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போல்ட் இடைவெளியை முடிவு செய்தால் அந்த முடிவு நிலைக்காது. வேறொருவர் உங்களைக் கேட்காமல் மாற்றிவிடுவார். அப்படி ஒன்று எங்களுக்கே நடந்தது, கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

ஊரில் ஐஎஸ் 800 (இந்திய எஃகுக் கட்டமைப்பு விதிநூல்) படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் கலக்கவே கூடாது. ஐஎஸ் 800:2007-இல் ஈல்டுக்கான காரணி 1.10, இங்கே 1.0. ஒற்றைக் கால் இணைப்புக்கான குறைப்புச் சூத்திரமே வேறு. பழைய எக்செல் ஷீட்டைத் திறந்து கிரேடை மட்டும் மாற்றி ஓட்டியதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். விடை நம்பும்படி இருக்கும், அதுதான் ஆபத்து.

2. விசையை எடுங்கள், குறியோடு சேர்த்து

நிரந்தரச் சுமைக்கு 1.35, மாறும் சுமைக்கு 1.5. சாஃப்ட்வேரிலிருந்து எடுக்கும்போது அந்த எண் ஏற்கெனவே காரணிகள் சேர்த்த சேர்க்கையா, தனிச் சுமையா என்று பாருங்கள். தனிச் சுமையை அப்படியே எடுத்து டிசைன் செய்தவர் உண்டு, சேர்க்கையை மறுபடி 1.5-ஆல் பெருக்கியவரும் உண்டு.

அடுத்து குறி. இழுவிசை உறுப்பு எல்லா நேரமும் இழுவிசையில்தான் இருக்கும் என்பது நம் நினைப்பு. தகரக் கூரை எடை குறைவு. நிரந்தரச் சுமை 1.0, காற்று 1.5 என்ற சேர்க்கையில் காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது டிரஸின் கீழ் உறுப்பு அழுத்தத்துக்குப் போய்விடலாம். சிங்கப்பூர் நேஷனல் அனெக்ஸில் (யூரோகோட்டோடு வரும் உள்நாட்டுப் பின்னிணைப்பில்) அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 20 மீட்டர்தான், புயல் வரும் ஊர்களோடு ஒப்பிட்டால் கம்மி. அதற்காக மேல்தூக்கு இல்லை என்று ஆகிவிடாது. குறி மாறுகிறது என்றால் அந்த உறுப்பை பக்ளிங்குக்கும் (அழுத்தத்தில் பக்கவாட்டில் வளைந்துபோவது) சோதிக்க வேண்டும், பல நேரம் அளவை அதுவே தீர்மானிக்கும். இதை முதலிலேயே பார்க்காவிட்டால் கீழே செய்யும் கணக்கெல்லாம் வீண்.

3. எஃகின் வலு: அட்டவணையை நம்பும் முன்

எஸ்275-க்கு ஈல்டு 275 என்பது 16 மில்லிமீட்டர் தடிமன் வரைதான். அதைத் தாண்டி 40 வரை 265. எஸ்355-க்கு இதே போல 355, 345.

முறிவு வலுவில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். இஎன் 1993-1-1 அட்டவணையில் எஸ்275-க்கு 430 என்றும் எஸ்355-க்கு 490 என்றும் இருக்கும். எஃகின் சொந்தத் தரமான இஎன் 10025-2-இல் குறைந்தபட்சம் 410, 470. நான் எப்போதும் இந்தக் குறைந்த எண்களைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் மில் அதற்குத்தான் உத்தரவாதம் தருகிறது. போல்ட் இணைப்பில் முடிவு செய்வது பெரும்பாலும் முறிவு வலுதான், ஈல்டு அல்ல. அந்த 20 கையை விட்டுப் போனால் தெரியும்.

இங்கே இன்னொரு படி இருக்கிறது. எஃகு எங்கிருந்து வந்தாலும் அது சிங்கப்பூரின் கட்டுமான ஆணையமான பிசிஏ வெளியிட்ட பிசி1 வழிகாட்டியின்படி எந்த வகுப்பில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சான்றிதழ் சரியாக இல்லாமல் மூன்றாம் வகுப்புக்குப் போனால் 16 மில்லிமீட்டர் வரையிலான தடிமனுக்கே ஈல்டு 170 என்றுதான் எடுக்க முடியும். 275 என்று போட்ட கணக்கு அங்கேயே படுத்துவிடும். ஆகவே சான்றிதழைக் கேட்பது பர்சேஸ் ஆளின் வேலை என்று விட்டுவிடாதீர்கள்.

4. போல்ட்டையும் துளை இடைவெளியையும் முடிவு செய்யுங்கள்

உதாரணத்துக்கு எம்20 (20 மில்லிமீட்டர் விட்டம்), கிரேடு 8.8 (முறிவு வலு 800). மரை வெட்டுத் தளத்தில் (இரண்டு தட்டுகள் சந்தித்து போல்ட்டைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் இடத்தில்) வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மரையில்லாத பகுதிதான் தட்டில் உட்காரும் என்று கட்டுமான இடத்தில் யாரும் உறுதி தர முடியாது. மரைப் பரப்பு 245 சதுர மில்லிமீட்டர். 0.6 × 800 × 245 ÷ 1.25 என்று போட்டால் ஒரு போல்ட்டுக்கு ஒற்றை வெட்டில் 94 கிலோநியூட்டன். 200-க்கு மூன்று போல்ட், மொத்தம் 282. இரண்டு போட்டால் 188, போதாது.

எம்20-க்குத் துளை 22 மில்லிமீட்டர். எம்16 முதல் எம்24 வரை 2 மில்லிமீட்டர் கூடுதல், எம்27-உம் அதற்கு மேலும் 3. கணக்கில் எங்கே துளையைக் கழித்தாலும் 22-ஐக் கழியுங்கள். 20-ஐக் கழிப்பது பழைய தவறு, இன்னும் ஒழிந்தபாடில்லை.

குறைந்தபட்சத் தூரங்கள் துளை விட்டத்தை வைத்துத்தான்: விசை போகும் திசையில் முனைத் தூரம் 1.2 மடங்கு, அதாவது 26.4, ஓரத் தூரமும் அதே, போல்ட்டுக்குப் போல்ட் பிட்ச் 2.2 மடங்கு, 48.4. இவை கோடு அனுமதிக்கும் எல்லை, டிசைனுக்கான பரிந்துரை கிடையாது. முனைத் தூரம் 26.4 வைத்தால் பேரிங் வலு (துளைச் சுவர் நசுங்காமல் தாங்கும் அளவு) அடியோடு இறங்கிவிடும். எம்20-க்கு நான் 40-இல் தொடங்குகிறேன், ஆங்கிளை வெட்டுவதில் இரண்டொரு மில்லிமீட்டர் பிசகினாலும் தாங்கும்.

அதற்காக தாராளமாக 100 வைத்துவிடவும் முடியாது. வெயில் மழையில் நிற்கும் உறுப்பென்றால் முனைத் தூரமும் ஓரத் தூரமும் மெல்லிய தட்டின் தடிமனைப் போல் 4 மடங்கு கூட்டல் 40-ஐத் தாண்டக் கூடாது. ஓரம் தூக்கிக்கொண்டு இடுக்கில் தண்ணீர் போகும், நம் ஊர் ஈரத்தில் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆங்கிளின் காலில் துளை எங்கே வரும் என்பதை கேஜ் என்போம், குதிகாலிலிருந்து அளப்பது. 75 காலுக்கு 45, 90 காலுக்கு 50, 100 காலுக்கு 55 என்பது வழக்கம். இதை உங்கள் இஷ்டத்துக்கு உள்ளே தள்ளினால் நட்டோ ஸ்பேனரோ மற்றொரு காலில் இடிக்கும். காகிதத்தில் இடிக்காது, ஆகவே ஒரு தடவையாவது ஆங்கிளையும் போல்ட்டையும் கையில் எடுத்து மாட்டிப் பாருங்கள்.

5. முழுப் பரப்பு

பரப்பு × ஈல்டு ÷ 1.0. 75×75×6-க்கு 873 × 275, அதாவது 240 கிலோநியூட்டன். 200-ஐ விட அதிகம். இதற்கு மேல் இங்கே நிற்க ஒன்றுமில்லை.

6. நிகரப் பரப்பும் ஒற்றைக் காலும்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஆங்கிளின் ஒரு கால் மட்டும் கஸெட்டில் பிடித்திருக்கிறது, மற்றொன்று சும்மா நிற்கிறது. விசை போல்ட் வழியாக ஒரு காலுக்குள் வந்து, மெல்ல மெல்லத்தான் மற்ற காலுக்குப் பரவும். முதல் போல்ட் இருக்கும் குறுக்கு வெட்டில் அந்தப் பரவல் முடிந்திருக்காது. அதனால் சும்மா நிற்கும் காலின் பரப்பை முழுதாக எண்ணக் கூடாது. போல்ட் கோடு ஆங்கிளின் மையக்கோட்டில் விழாததால் வளைவும் சேர்கிறது. இரண்டையும் ஒரே குறைப்பு எண்ணுக்குள் அடக்கி, மையத்தில் இழுப்பதாகவே வைத்துக்கொள் என்கிறது இஎன் 1993-1-8-இன் 3.10.3 பிரிவு. தனியாக வளைவுக் கணக்கு போட வேண்டாம்.

அந்தக் குறைப்பு எண் போல்ட் எண்ணிக்கையையும் பிட்சையும் பொறுத்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட போல்ட் என்றால், பிட்ச் துளை விட்டத்தைப் போல் 2.5 மடங்கோ அதற்குக் கீழோ இருக்கும்போது 0.5, 5 மடங்கோ மேலோ இருந்தால் 0.7, நடுவில் நேர்கோட்டு இடைச்செருகல். இரண்டு போல்ட்டுக்கு 0.4 முதல் 0.7. ஒரே போல்ட்டுக்கு வேறு சூத்திரம், ஆனால் முக்கியமான உறுப்பை ஒரே போல்ட்டில் தொங்கவிடும் வேலை வேண்டாம்.

75×75×6, மூன்று எம்20, பிட்ச் 60. நிகரப் பரப்பு (துளை போக மிச்சம்) 873 − 22 × 6 = 741. பிட்ச் ÷ துளை 2.73, ஆகவே குறைப்பு எண் 0.518. 0.518 × 741 × 410 ÷ 1.25, ஆயிரத்தால் வகுத்தால் 126 கிலோநியூட்டன். பிட்சை நீட்டி 0.7 வரைக்கும் தள்ளினாலும் 170-தான். இந்த ஆங்கிள் தேறாது.

சரி, 90×90×8. பரப்பு 1,390, நிகரப் பரப்பு 1,214. பிட்ச் 60 என்றால் 206 கிலோநியூட்டன். தேறிவிட்டது, பெரும்பாலானவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். பிட்சை 75 ஆக்கினால் குறைப்பு எண் 0.573, வலு 228. ஆங்கிளை மாற்றாமல், போல்ட் சேர்க்காமல், 15 மில்லிமீட்டரில் 22 கிலோநியூட்டன். இந்த 15 மில்லிமீட்டர் அடுத்த படியில் இன்னும் பெரிய வேலை செய்யப்போகிறது.

காரணியைப் பற்றி ஒன்று. முறிவுக்கான காரணி சிங்கப்பூர் அனெக்ஸில் உறுப்புக்கு 1.1, இணைப்புக்கு 1.25. ஒற்றைக் கால் ஆங்கிள் விதி இணைப்புப் பகுதியில் இருப்பதால் இங்கே 1.25. இதில் 1.1 போட்டால் வலு 14 சதவீதம் கூடிக் காட்டும்.

சமமில்லாத ஆங்கிளில் சிறிய காலைப் பிடித்தால், அந்தச் சிறிய காலின் அளவில் ஒரு சம ஆங்கிள் இருப்பதாகவே நிகரப் பரப்பை எடுங்கள். பெரிய காலைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

7. பிளாக் டேரிங்: துண்டாகப் பிய்த்துக்கொண்டு வருவது

தபால்தலைத் தாளில் துளை வரிசையோடு பிய்க்கிறோமே, அதே கதைதான். போல்ட் வரிசை ஓடும் கோட்டில் வெட்டும், உள்பக்கக் கடைசி போல்ட்டிலிருந்து ஆங்கிளின் ஓரம் வரை இழுவையும் சேர்ந்து ஒரு துண்டு தனியாக வந்துவிடும். மெல்லிய தட்டு, குறைந்த போல்ட், நெருக்கமான பிட்ச் என்றால் இதுவே முடிவு செய்யும்.

90×90×8-க்கு முதலில் பிட்ச் 60-ஐப் போடுவோம். வெட்டுக் கோட்டின் நீளம் 40 + 60 + 60 = 160. அதில் இரண்டரைத் துளை, 55 போக 105. தடிமன் 8-ஆல் பெருக்கினால் 840 சதுர மில்லிமீட்டர். இதை 275 ÷ 1.732 ஆல் பெருக்க 133 கிலோநியூட்டன். இழுவைக் கோடு: ஓரத் தூரம் 90 − 50 = 40, அதில் அரைத் துளை 11 போக 29, பரப்பு 232. விசை மையம் தப்பி வருவதால் இந்தப் பகுதியில் பாதியைத்தான் எண்ண வேண்டும்: 0.5 × 410 × 232 ÷ 1.25 = 38. மொத்தம் 171.

200 வேண்டும். இருப்பது 171. முந்தின படியில் 206 என்று தேறிய அதே இணைப்பு.

இப்போது பிட்ச் 75. வெட்டுக் கோடு 190, துளை போக 135, பரப்பு 1,080, வலு 171. அதோடு 38. மொத்தம் 209.5. தேறியது, ஆனால் 95 சதவீதப் பயன்பாட்டில். எனக்கு இது போதும். கொஞ்சம் கை தாராளம் வேண்டுமென்றால் நான்காவது போல்ட் போடுங்கள், ஆங்கிளைப் பெருக்குவதை விட அது மலிவு.

எண்ணும்போது நேரும் தவறு: மூன்று போல்ட்டுக்கு மூன்று துளை கழிப்பது. வெட்டுக் கோடு கடைசித் துளையின் மையத்தோடு முடிகிறது, அதனால் இரண்டரை. இழுவைக் கோட்டில் மிச்ச அரை.

8. போல்ட் வெட்டும் பேரிங்கும்

வெட்டு 282, ஏற்கெனவே பார்த்தாயிற்று. பேரிங் என்பது போல்ட் தட்டின் துளைச் சுவரை நசுக்குவது. மெல்லிய தட்டுதான் முடிவு செய்யும். கஸெட் 10, ஆங்கிள் 8, ஆகவே ஆங்கிள்.

முனை போல்ட்டுக்கு 40 ÷ 66 = 0.606, 66 என்பது துளை விட்டத்தைப் போல் 3 மடங்கு. உள் போல்ட்டுக்கு 75 ÷ 66 − 0.25 = 0.886. ஓரத் தூரக் காரணி 2.5-ஐத் தாண்டாது. 2.5 × 0.606 × 410 × 20 × 8 ÷ 1.25 என்று போட்டால் முனை போல்ட்டுக்கு 79.5, உள் போல்ட்டுக்கு 116.

மூன்றையும் கூட்டி 312 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான பிழை. அப்படிக் கூட்ட வேண்டுமானால் ஒவ்வொரு போல்ட்டின் வெட்டு வலுவும் அதன் பேரிங் வலுவை விட அதிகமாக இருக்க வேண்டும். துளைகள் நசுங்கி விசையைச் சமமாகப் பங்கிடும் முன் போல்ட் அறுந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். இங்கே 94, 116-ஐ விடக் குறைவு. ஆகவே இருப்பதிலேயே சின்ன எண்ணை மூன்றால் பெருக்குங்கள்: 238.5. போதும்.

9. கஸெட் பிளேட்டை மறக்காதீர்கள்

ஆங்கிளுக்கு எட்டுப் பக்கம் கணக்கு, கஸெட்டுக்கு "10 மில்லிமீட்டர் தட்டு" என்று ஒரு வரி. இந்தச் சமர்ப்பிப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

முதல் போல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 பாகை விரித்து, கடைசி போல்ட் இருக்கும் கோட்டில் எவ்வளவு அகலம் கிடைக்கிறது என்று பாருங்கள். நம் இணைப்பில் போல்ட் வரிசை 150 நீளம், 2 × 150 × 0.577 = 173 மில்லிமீட்டர். 173 × 10 × 275 என்றால் 476 கிலோநியூட்டன், தாராளம். ஆனால் அந்த 173 அகலம் உண்மையிலேயே தட்டில் இருக்கிறதா? கஸெட்டின் மூலையை வெட்டியிருந்தால், விரிவு தட்டைத் தாண்டி வெளியே போனால், இருக்கிற அகலத்தைத்தான் எண்ண வேண்டும். கஸெட்டுக்கும் பிளாக் டேரிங் பாருங்கள். குறி மாறும் உறுப்பென்றால் கஸெட்டின் பக்ளிங்கும்.

கஸெட்டைத் தூணோடு பிடிக்கும் வெல்டு கடைசிக் கண்ணி. விசையின் கோணத்தைப் பிரித்து, இரண்டு பக்க வெல்டா ஒரு பக்கமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

10. ஸ்டாக்கில் அந்த அளவு இல்லை என்றால்

கண்டிப்பாக வரும் தொலைபேசி அழைப்பு இது. "அண்ணே, 90 பை 90 பை 8 கிடைக்கலை, ஜப்பான் அளவுல 7 இருக்கு, போட்டுக்கலாமா?" ஒரு மில்லிமீட்டர்தானே என்று தலையாட்டாதீர்கள்.

90×90×7-க்குப் பரப்பு 1,222. முழுப் பரப்பில் பிரச்சினை இல்லை. ஒற்றைக் கால் கணக்கில் 200.6, மயிரிழையில் தேறும். பிளாக் டேரிங் 209.5 × 7 ÷ 8 = 183, தேறாது. நான்காவது போல்ட் போட்டால் பிளாக் டேரிங் 242-க்கு ஏறிவிடும், ஆனால் ஒற்றைக் கால் எண் அதே 200.6-இல் நிற்கும். வந்த எஃகின் சான்றிதழில் குறைந்தபட்ச முறிவு வலு 410-க்குப் பதில் 400 என்றிருந்தால் அது 195.7 ஆகிவிடும். ஆகவே என் பதில்: 7 வேண்டாம், 90×90×10 இருந்தால் அனுப்பு.

11. வேறு வகை உறுப்புகளுக்கு மாறுவது எங்கே

கஸெட்டின் இரு பக்கமும் இரட்டை ஆங்கிள் போட்டால் போல்ட் இரட்டை வெட்டுக்கு வருகிறது, ஒன்றுக்கு 188 கிலோநியூட்டன். உடனே பேரிங் முடிவு செய்யத் தொடங்கும், கஸெட்டின் தடிமனைக் கூட்ட வேண்டி வரலாம்.

பிளாட் பார் அல்லது தட்டு நேர்மையத்தில் இழுக்கப்பட்டால் 0.9 × நிகரப் பரப்பு × முறிவு வலு ÷ 1.1. துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மாறி மாறி இருந்தால், குறுக்கே போகும் ஒவ்வொரு பாதைக்கும் துளைகளைக் கழித்து, சாய்வாகப் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் விசைத் திசை இடைவெளியின் வர்க்கத்தை குறுக்கு இடைவெளியைப் போல் 4 மடங்கால் வகுத்துக் கூட்டுங்கள், பிறகு தடிமனால் பெருக்குங்கள். எல்லாப் பாதைகளையும் போட்டு, மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். நேர்கோட்டுப் பாதையை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது.

முதல் போல்ட்டுக்கும் கடைசி போல்ட்டுக்கும் நடுவே போல்ட் விட்டத்தைப் போல் 15 மடங்குக்கு மேல் நீளம் போனால் வெட்டு வலு குறையும். எம்20-க்கு அது 300, நமக்கு 150-தான்.

பிரேசிங்கில் (கட்டடம் சாயாமல் பிடிக்கும் மூலைவிட்ட உறுப்புகளில்) ஒரு தொல்லை உண்டு. 2 மில்லிமீட்டர் இடைவெளித் துளையில் போல்ட் நழுவி உட்காரும் வரை உறுப்பு வேலையே செய்யாது. அசைவு பொறுக்காத இடம் என்றால், கிரேன் ஓடும் கிடங்கு மாதிரி, முன் இழுவை தரும் நழுவாத இணைப்புக்குப் போங்கள். முறிவு நிலையிலும் நழுவக் கூடாது என்று டிசைன் செய்தால் நிகரப் பரப்பை ஈல்டோடு பெருக்கியும் ஒரு சோதனை இருக்கிறது, அதையும் சேர்க்க வேண்டும்.

நீளமான மெல்லிய இழுவிசை உறுப்புக்கு யூரோகோட்டில் மெலிவுக்கு (நீளத்துக்கும் குறுக்கு வெட்டின் அளவுக்கும் உள்ள விகிதத்துக்கு) எல்லை சொல்லவில்லை. ஐஎஸ் 800 எப்போதும் இழுவிசையில் இருக்கும் உறுப்புக்கு 400, காற்றால் குறி மாறும் உறுப்புக்கு 350 என்று வைத்திருக்கிறது. கலக்காதீர்கள் என்று மேலே நானே சொன்னேன், ஆனாலும் தொங்கித் தெரியாமல் இருக்க இந்த எண்களை ஒரு கைக்கணக்காக மனதில் வைத்திருக்கிறேன்.

12. டிராயிங்கில் என்ன எழுத வேண்டும், தளத்தில் எதை அளக்க வேண்டும்

துவாஸ் பக்கம் ஒரு கிடங்கு. மேலே போட்ட கணக்கு மாதிரிதான், பிட்ச் 75, முனைத் தூரம் 40. டிசைன் டிராயிங்கில் போல்ட் எண்ணிக்கையும் ஆங்கிள் அளவும் இருந்தன, பிட்ச் ஒரு டிடெயிலில் மட்டும் சின்ன எழுத்தில் இருந்தது. ஷாப் டிராயிங் வரைந்தவர் கஸெட் பக்கத்துக் குழாயில் இடிக்கிறது என்று அதைச் சுருக்கி, பிட்சை 60 ஆக்கிவிட்டார். குறைந்தபட்சம் 48.4-தானே, கோட்டுக்குள்தானே இருக்கிறது என்று அவருக்கு நியாயம். ஒப்புதலுக்கு வந்தபோது நாங்களும் போல்ட் எண்ணிக்கையைப் பார்த்து முத்திரை போட்டுவிட்டோம். தளத்தில் ஆர்டிஓ (வேலையை அங்கேயே இருந்து மேற்பார்வையிடும் தொழில்நுட்ப அதிகாரி) டேப் வைத்து அளந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஆங்கிளைக் காப்பாற்ற முடிந்தது. அதே 60 பிட்சில் நான்காவது துளை போட்டால் பிளாக் டேரிங் 220, ஒற்றைக் கால் கணக்கு 206. காந்த டிரில் வைத்துத் துளைத்து, பெயிண்ட் தொட்டுவிட்டோம். கஸெட்டில்தான் நான்காவது துளைக்கு இடமே இல்லை. அத்தனையையும் வெட்டி எடுத்து, குழாயை 100 மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி, புதுசு வெல்டு செய்தோம். குழாயைத் தள்ளும் வேலையை முதல் வாரமே கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து இழுவிசை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் டிராயிங்கில் ஒரு அட்டவணை போடுகிறேன்: ஆங்கிள் அளவும் கிரேடும், எந்தக் காலைப் பிடிப்பது, போல்ட் விட்டம், கிரேடு, எண்ணிக்கை, துளை விட்டம், முனைத் தூரம், பிட்ச், கேஜ், கஸெட் தடிமனும் வெல்டும், டிசைன் விசை. கீழே ஒரு குறிப்பு: பிட்சையும் முனைத் தூரத்தையும் குறைப்பதென்றால் எழுத்தில் கேட்கவும். டிசைன் விசையை எழுதுவது முக்கியம், அது இருந்தால்தான் மாற்றுகிறவர் தானே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

தளத்தில் அளக்க வேண்டியவை மூன்றே: பிட்ச், முனைத் தூரம், போல்ட் தலையில் உள்ள கிரேடு எழுத்து. நட்டுக்கு வெளியே குறைந்தது ஒரு மரையாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

துளை ஒத்துவரவில்லை என்றால் கேஸ் கட்டரால் துளையை நீட்டுவார்கள், கேட்டால் வாஷர் போட்டு மூடிவிட்டோம் என்பார்கள். நீட்டிய துளையில் முனைத் தூரம் 40 இப்போது 32 ஆகியிருக்கலாம். அந்த 32-ஐ வைத்து பேரிங்கை மறுபடி போட்டால் முனை போல்ட் 79.5-லிருந்து 63.6, மூன்றுக்கு 191. வாஷரைக் கழற்றச் சொல்லி, அளந்து, தேறாத ஆங்கிளைத் திருப்பி அனுப்புங்கள்.